டச்சுக் கடிதத்தில் 'பச்சைப் புரை': பொருள் சொல்லுங்கள்

செம்பனைக்காட்டார், சுங்கை சிப்புட், மலேசியா:
நெதர்லாந்தில் வேலை செய்யும் என் அக்காள் மகனுக்குக் கண் மருத்துவர் கொடுத்த கடிதம் இது. அம்மா பயந்துவிடுவாள் என்று அவன் வாயே திறப்பதில்லை; அவன் தம்பிதான் கடிதத்தின் படத்தை எனக்கு அனுப்பினான். கைப்பேசியின் மொழிபெயர்ப்பில் 'பச்சைப் புரை', 'குருட்டுக் குடல் நீக்கப்பட்டது' என்று வருகிறது. 'வீசுஸ் 0,2' என்றும் இருக்கிறது. "புரைதானே, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்கிறாள் அக்காள். எங்கள் அம்மாவுக்குப் புரை எடுத்த மறுநாளே வாசற்கோலத்தின் புள்ளிகள் தெரிந்தன. அந்த நம்பிக்கையில் இருக்கிறாள். நம்பலாமா?

உத்ரெக்ட் தாதி:
அண்ணா, நானும் பேராக்கில் தோட்டத்தில் வளர்ந்தவள்தான். குடலை முதலில் விடுங்கள். 'பிளிண்டெடார்ம்' என்றால் ஆங்கிலத்தில் அப்பெண்டிக்ஸ், நம் குடல்வால். எப்போதோ எடுத்திருக்கிறார்கள்; கண்ணுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கவனிக்க வேண்டியது 'க்ரூனெ ஸ்டார்'. இங்கே வெறும் 'ஸ்டார்', அல்லது சாம்பல் நிறத்தைச் சேர்த்து 'க்ரைஸெ ஸ்டார்' என்றால் கட்டராக்ட், அதாவது கண்புரை. பச்சையைச் சேர்த்தால் கிளாக்கோமா. அது புரையே அல்ல, பார்வை நரம்பு சேதமாகும் நோய். புரையில் மங்கிய வில்லையை எடுத்து வேறு வில்லை வைக்கலாம். இதில் போன பார்வை திரும்பாது. கண் அழுத்தத்தைக் குறைக்கும் சொட்டு மருந்து, மிச்சமிருப்பதைக் காப்பதற்கு. விமானத்தில் வரும்போதும் அதைக் கைப்பையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.

'வீசுஸ்' என்றால் பார்வைக் கூர்மை. 0,2 (அதாவது 0.2) என்பது நம் ஊர்க் கணக்கில் 6/30. மற்றவர்கள் 30 மீட்டரில் படிக்கும் எழுத்தை அவர் 6 மீட்டரில்தான் படிக்கிறார். கடிதத்தில் 'ஸ்லெக்ட்ஸீண்ட்' என்றுதான் இருக்கிறது, 'பிளிண்ட்' என்று இல்லை. முன்னது குறைபார்வை, பின்னது பார்வையின்மை. அக்காளிடம் மறைக்காதீர்கள், அண்ணா. இந்நோய் குடும்பத்தில் தொடரக்கூடியது. அக்காளும் அவருடைய இளைய மகனும் கண் அழுத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

பழைய கிராணி, தாப்பா:
தம்பி, பையன் ஊருக்கே திரும்புவதானால் சமூகநல இலாகாவில் மாற்றுத்திறனாளி அட்டைக்கு விண்ணப்பியுங்கள். இரண்டில் நன்றாகத் தெரியும் கண்ணிலும், கண்ணாடி போட்ட பிறகும் 0,2தான் என்றால் தகுதி உண்டு. டச்சுக் கடிதத்தை மட்டும் நம்பாமல் இங்குள்ள மருத்துவரிடமும் காட்டுங்கள். 1951இல் தொடங்கிய, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தையும் கேட்டுப் பாருங்கள்.

செம்பனைக்காட்டார்:
தங்கச்சி, ஐயா, இருவருக்கும் நன்றி. அக்காளிடம் சொல்லிவிட்டேன், நெடுநேரம் அழுதாள். இளையவனையும் அவளையும் இந்த வாரமே ஈப்போவுக்கு அழைத்துப் போகிறேன். பெரியவனுக்கு எத்தனை வேளை சொட்டு மருந்து என்று கடிதத்தில் இருக்கிறதா, தங்கச்சி?