தங்கையின் கைப்பேசியும் தட்டில் மிஞ்சும் சோறும்

மாடிவீட்டு அக்கா (கேள்வி):
கல்லூரியில் முதலாண்டு படிக்கும் என் தங்கை, பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்த நாள்களில் ஒரு வேளைகூடச் சோற்றைத் தொடவில்லை. "கார்ப்" (மாவுச்சத்து) வேண்டாம் என்று காயை மட்டும் பொறுக்கி உண்டவள், இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள், யாரோ ஒருவர் அண்டா நிறையப் பிரியாணி உண்ணும் காணொளியைப் பார்த்தபடியே மிக்சர் டப்பாவைக் காலி செய்தாள். நாளுக்கு நான்கைந்து மணி நேரம் ரீல்ஸ் ஓடுகிறது. எல்லாம் அந்தக் கைப்பேசியால்தான் என்கிறார் அம்மா. உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?

சிறுதானியம் (பதில்):
இருக்கிறது. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 19 முதல் 32 வயது வரையிலான 1,765 பேரை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட முடிவின்படி, சமூக ஊடகங்களில் மிக அதிக நேரம் செலவிட்ட கால் பங்கினருக்கு, மிகக் குறைவாகச் செலவிட்ட கால் பங்கினரைவிட, உணவும் உடல் தோற்றமும் பற்றிய கவலை இருப்பதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 2.2 மடங்காக இருந்தது. அடிக்கடி எடுத்துப் பார்ப்பவர்களிடம் அது 2.6 மடங்கு.

எதிர்க்கேள்வி:
அந்த ஆய்வை வைத்துக் கைப்பேசிமீது பழி போட முடியாது. தன் எடையை நினைத்து ஏற்கெனவே மனம் புழுங்குகிறவர்தான் அத்தகைய பக்கங்களைத் தேடிப் போகிறாரா, அல்லது பார்த்துப் பார்த்துப் புழுங்குகிறாரா என்பதை அது பிரித்துக் காட்டவில்லை. லிவர்பூல் பல்கலைக்கழகத்தினர் 2019இல் வெளியிட்ட சோதனையே எனக்கு வலுவானதாகத் தெரிகிறது. 9 முதல் 11 வயதுக்குட்பட்ட 176 சிறுவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, யூடியூப் பிரபலங்களின் இன்ஸ்டாகிராம் படங்களைக் காட்டிவிட்டு உண்ணக் கொடுத்தார்கள். பிரபலத்தின் கையில் நொறுக்குத்தீனி இருந்த படங்களைப் பார்த்தவர்கள் சராசரியாக 448 கலோரி உண்டார்கள்; உணவல்லாத பொருள் இருந்த படங்களைப் பார்த்தவர்கள் 357 கலோரிதான். சத்தான உணவு இருந்த படங்களோ எந்த மாற்றத்தையும் உண்டாக்கவில்லை (பெற்றோருக்கு இதுதான் வயிற்றெரிச்சல்).

விடுதிக் காப்பாளர்:
பல ஆண்டுகளாக மாணவியர் விடுதியில் இருக்கிறேன். உங்கள் தங்கையைப் போன்றவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். பகல் முழுவதும் பட்டினி போட்ட உடல் இரவில் கேட்காமல் விடாது. அந்த நேரத்தில் தென்கொரியாவில் தொடங்கிய அந்த முக்பாங் காணொளிகள் (ஒருவர் நிறைய உண்பதைக் காட்டுபவை) கண்ணுக்கு விருந்தாகின்றன. கைப்பேசியைப் பிடுங்கினால் உங்களோடு பேசுவதும் நின்றுவிடும். "ஏன் சாப்பிடவில்லை" என்று கேட்காமல், தலை சுற்றுகிறதா, முடி கொட்டுகிறதா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று தனியாக இருக்கும்போது கேளுங்கள். உண்டவுடன் குளியலறைக்குப் போய்த் தாழிட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

மாடிவீட்டு அக்கா:
நன்றி. நேற்றிரவு கேட்டேன். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், சனிக்கிழமை மருத்துவரிடம் போகிறோம்.