செவனிங் விண்ணப்பம்: சம்பளமில்லாத வேலை அனுபவக் கணக்கில் சேருமா?

கேள்வி:
வணக்கம். பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி இளங்கலை) முடித்து மூன்று வருடம் ஆகிறது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். பகலில் துணிக்கடையில் பில் போடுகிறேன். சாயங்காலம் எங்கள் காலனிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். தெருவிளக்கு இல்லாததால் பெண் பிள்ளைகளை அனுப்பப் பயந்தார்கள். பஞ்சாயத்து ஆபீசுக்கு ஏழு முறை நடந்து விளக்கு போட வைத்த பிறகுதான் நிறையப் பேர் வந்தார்கள். பிரிட்டனில் சமூகநீதி தொடர்பாக எம்.ஏ. படிக்க ஆசை. பிரிட்டன் அரசின் செவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள். சம்பளமில்லாத வேலை சேருமா? தலைமைப் பண்பு கட்டுரைக்கு என்னிடம் எதுவுமே இல்லை. பட்டியல் சாதியினர் முதலானோர் வெளிநாட்டில் படிக்க மத்திய அரசு தரும் என்.ஓ.எஸ். உதவித்தொகைக்கும் போடலாமா? நான் ஆய்வு செய்ய நினைப்பது துப்புரவுப் பணியும் சாதியும்.

பதில் 1:
சேரும். அவர்கள் கணக்கு 2,800 மணி நேரம். பகுதி நேர வேலை, தன்னார்வ வேலை எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளலாம். கடை வேலையும் அதில் வரும். வாரம் 48 மணி நேரம் என்றால் அறுபது வாரத்துக்குள் முடிந்துவிடும்.

கட்டுரைக்கு எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தத் தெருவிளக்குதான் கட்டுரை! முதல் முறை போனபோது என்ன பதில் சொன்னார்கள், ஏழாவது முறை யாரைக் கூட்டிப் போனீர்கள், அப்புறம் எத்தனை பேர் வந்தார்கள், அதை அப்படியே எழுதுங்கள். ‘சிறுவயது முதலே சேவை மனப்பான்மை’ என்று ஆரம்பித்திருந்தால் அடித்துவிடுங்கள். இன்னொன்று, படிப்பு முடிந்து ஊர் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும்.

பதில் 2:
என்.ஓ.எஸ்.ஸில் ஒரு சிக்கல். 2022-ல் விதியை மாற்றி, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுக்கு உதவித்தொகை கிடையாது என்றுவிட்டார்கள். 1913-ல் பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகையில் கொலம்பியா போன அம்பேத்கர், 1916-ல் அங்கே வாசித்ததே இந்தியச் சாதிகளைப் பற்றிய கட்டுரைதான். அந்த வாசலையா அடைத்தார்கள் என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. செவனிங்கில் இப்படித் தடை இல்லை, தலைப்பை மாற்றாதீர்கள். தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வித் திட்டத்தில் 36 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். ஆதிதிராவிடர் நலத்துறையில் விசாரித்துப் பாருங்கள்.

கேட்டவர்:
ரொம்ப நன்றி. பழைய வருகைப் பதிவு நோட்டைத் தேடி எடுத்துவிட்டேன். விளக்கு வருவதற்கு முன் 4 பெண் பிள்ளைகள், வந்த பின் 13. பரிந்துரைக் கடிதம் பஞ்சாயத்துத் தலைவரிடம் கேட்கலாமா?

பதில் 1:
தாராளமாக. ஏழு முறையும் உங்களைப் பார்த்தவர் அவர். இன்னொரு கடிதம் உங்கள் பேராசிரியரிடம் வாங்குங்கள்.