ஃபிஸ்டுலா ஊசிக்கு முன் தடவும் மரத்துப்போற க்ரீம்: எப்போ, எவ்வளவு?

திருச்சி_செல்வி:
அப்பாவுக்கு வாரம் மூணு டயாலிசிஸ், இடது கையில ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடறதுக்காக தமனியையும் சிரையையும் ஆபரேஷன்ல இணைச்ச இடம்). ஊசியைப் பார்த்தாலே வியர்த்துக் கொட்டி பிபி எகிறுது. டாக்டர் லிக்னோகெயின்-ப்ரிலோகெயின் க்ரீம் எழுதிக் கொடுத்தார். சென்டருக்குப் போனதும் தடவறோம், 20 நிமிஷத்துல ஊசி. வலி குறையவே இல்லை. ஏன்?

டயாலிசிஸ்_டெக்:
நேரம் பத்தலை, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் மூடி வெச்சாதான் சுமார் 3 மி.மீ ஆழம் மரக்கும். 2 மணி நேரத்துக்கு 5 மி.மீ. டயாலிசிஸ் ஊசி 15, 16 கேஜ், ரத்தம் எடுக்கற ஊசியை விட நல்ல தடிமன். அதனால வீட்டுலேயே தடவிட்டுக் கிளம்புங்க.

தேய்க்கக் கூடாது. ஊசி இறங்கற இடத்துக்கு ஒண்ணு முதல் ரெண்டு கிராம், அதாவது 5 கிராம் ட்யூப்ல பாதிக்குள்ள, கெட்டியா குவிச்சு வெச்சு மேலே பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டுங்க. ரெண்டு ஊசிக்கும் தனித்தனியா. ஃபிலிமைக் கையைச் சுத்தி இறுக்கிக் கட்டறவங்க நிறைய பேர். ஃபிஸ்டுலா ஓட்டம் நின்னு அடைச்சுக்கும். ஓரத்துல மட்டும் டேப். ஒட்டினதும் ஃபிஸ்டுலா மேல விரல் வெச்சு ‘த்ரில்’, அதாவது ரத்தம் ஓடற அதிர்வு, தெரியுதான்னு பாருங்க.

சென்டர்ல துடைச்சா மட்டும் போதாது, சோப்பு போட்டுக் கழுவணும். பிசுபிசுப்பு இருந்தா கிருமிநாசினி தோலைத் தொடாது, டேப்பும் வழுக்கும். டேப் விட்டு ஊசி நழுவினா ரத்தம் கொட்டும், அது விளையாட்டில்லை. தோல் வெளுத்திருந்தா பயப்படாதீங்க, அது க்ரீமோட வேலை.

மருந்துக்கடை_குமார்:
ஒரு எச்சரிக்கை. ப்ரிலோகெயின் உடம்புல உடையறப்போ மெத்ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்க முடியாத ஹீமோகுளோபின்) கூடலாம். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுவுல இருக்கற ஒரு நொதி) குறைபாடு, டாப்சோன் மாத்திரை, சல்ஃபா மாத்திரை, நெஞ்சுவலிக்கான நைட்ரேட் இதெல்லாம் இருந்தா டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லுங்க. டயாலிசிஸ்காரங்கள்ல நைட்ரேட் எடுக்கறவங்க இருக்காங்க. உதடு, நகம் நீலம் பாரிச்சா, மூச்சு வாங்கினா உடனே சொல்லணும். புண், சொறி மேல தடவாதீங்க.

நெஃப்ரோ_நர்ஸ்:
யாரும் சொல்லாத ஒண்ணு: வலிக்கலைன்னு நோயாளிங்க மரத்த இடத்துலயே திரும்பத் திரும்பக் குத்தச் சொல்வாங்க. அப்படிச் செஞ்சா அங்க சுவர் மெலிஞ்சு ஃபிஸ்டுலா புடைச்சுக்கும். இன்னைக்கு முடிஞ்சதும் அடுத்த தடவை எந்த ரெண்டு இடம்னு டெக்னீசியன்கிட்ட கேட்டு வெச்சுட்டு, அங்கதான் தடவணும்.

திருச்சி_செல்வி:
நன்றி சிஸ்டர். பயத்துக்கும் இதே போதுமா?

நெஃப்ரோ_நர்ஸ்:
வலியைத்தான் க்ரீம் குறைக்கும், பயம் வேற கணக்கு. ‘ஒண்ணுமே தெரியாது’ன்னு சொல்லாதீங்க, அழுத்தம் தெரியும், குத்தல்தான் குறையும்னு சொல்லுங்க. இல்லேன்னா முதல் அழுத்தத்துலயே நம்பிக்கை போயிடும். பிபி ஏறற ஆளா இருந்தா ஊசி ட்ரே கண்ணுல படாம, மூச்சை நீளமா விடச் சொல்லுங்க. ஊசி நேரத்துல பிபி இறங்கித் தலை சுத்தறவங்களுக்கு வழி வேற: தொடை, வயிறு தசையை 10-15 நொடி இறுக்கி, பிறகு தளர்த்தி, அஞ்சு தடவை. ஃபிஸ்டுலா கையை மட்டும் இறுக்க வேண்டாம். அப்பாவுக்கு எது நடக்குதுன்னு ஊசிக்கு முன்னாடியும் பின்னாடியும் பிபி பார்த்து எழுதி வெச்சீங்கன்னா டாக்டருக்கும் காட்டலாம்.