அறக்கட்டளைக் குழுவில் பெண்களைச் சேர்க்க வழி சொல்லுங்கள்

வியாசர்பாடியில் மாலைநேர டியூஷன் நடத்தும் எங்கள் அறக்கட்டளைக்கு 2021-லிருந்து நன்கொடை குறைந்துகொண்டே வருகிறது, இப்போது டீச்சர் சம்பளமே இழுபறி. அறங்காவலர்கள் ஏழு பேரும் நிறுவனரின் சொந்தக்காரர்கள், எல்லோரும் அறுபதைத் தாண்டிய ஆண்கள், கணக்குவழக்கு தெரிந்தவர் ஒருவரும் இல்லை. வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவுகள் எல்லாம் சரியாக இருந்தும், கம்பெனிகள் சமூகப் பணிக்குத் தரும் சிஎஸ்ஆர் நிதி கேட்டுப் போன இடத்தில் பெயர்ப் பட்டியலைப் பார்த்ததுமே "பெண்கள், வெளியாட்கள் யாருமே இல்லையா?" என்று ஃபைலை மூடிவிட்டார்கள். நியாயமான கேள்விதான்.

ஒரு பெண் ஆடிட்டரும், எங்களிடம் படித்து இப்போது வங்கியில் இருக்கும் பெண்ணும் வரத் தயார். பெரியவர்களும் ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் 1998-ல் பதிவான பத்திரத்தில் 'குடும்பத்தார் மட்டுமே' என்று இருக்கிறது, திருத்தும் அதிகாரம் பற்றி ஒரு வரிகூட இல்லை, நிறுவனரும் காலமாகிவிட்டார். ஆலோசனைக் குழு போட்டுப் பார்த்தோம், செக்கில் கையெழுத்துப் போட முடியாத குழுவை யார் மதிப்பார்கள்? வக்கீல், சிவில் நடைமுறைச் சட்டத்தில் பொது அறக்கட்டளைகள் பற்றிய 92-ஆவது பிரிவின்படி கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார்.

சென்னையில் அப்படிப் போய்ப் பத்திரத்தைத் திருத்தியவர்கள் இருந்தால், எவ்வளவு காலமும் செலவும் ஆனது?