பொருள்: வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்

வணக்கம். வெள்ளிக்கிழமை செய்முறைக் கையேடு அச்சுக்குப் போகிறது. சி என்ற கணினி மொழியில் அணிகளுக்கு (மேட்ரிக்ஸ்) நினைவகத்தில் இடம் ஒதுக்கி, அணிக் கணக்குகளைப் போடும் லாபேக் நிரல் நூலகத்துக்கு அனுப்பும் பாடம். ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதுவதற்கு இப்போதைக்கு 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்' என்றே போட்டிருக்கிறேன். படிக்கவே கூச்சமாக இருக்கிறது.
– கோவை ஆசிரியை

வரம்பு மீறல். போதுமே அம்மா.
– சென்னை நிரலர்

வரம்பு நல்ல சொல். நீங்கள் வரப்பு என்பதை எங்கள் ஊரில் இன்றைக்கும் வயல் வரம்பு என்றுதான் சொல்கிறோம். சங்கப் பாட்டிலும் அதுதான். ஒரு சந்தேகம்: கையேட்டில் 'அணி' என்று வருகிறதே, இலங்கைப் பாடநூலில் அது தாயம். எங்கள் பிள்ளைகளும் வாசிப்பார்கள் அல்லவா?
– கிளிநொச்சி

இலாபேக்கு என்க, லகரம் மொழிமுதல் வாராது. அடுத்தவன் இடத்தில் கை வைப்பதற்கு நம்மிடம் சொல் இல்லையா? நிரை கவர்தல்! அணியின் கிடைவரிசையும் நிரை, ஆநிரையும் நிரை. கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை. எனவே இப்பிழையைப் பிடிக்கும் கருவியான வால்கிரைண்டு 'கரந்தையான்'.
– புலவர்

கரந்தையைத் தனித்திணையாகச் சொல்வது புறப்பொருள் வெண்பாமாலை. தொல்காப்பியத்தில் அது வெட்சிக்குள்ளேயே அடக்கம் ஐயா.
– மதுரை

ஐயா, மன்னிக்க வேண்டும், எனக்குத் திணை வேண்டாம். சிக்கல் இதுதான். 4 நிரை, 3 நிரல் (நெடுவரிசை). மொத்தம் 12 எண்கள், எண்ணுக்கு 8 பைட்டாக 96 பைட்டு. ஃபோர்ட்ரான் என்ற கணினி மொழியின் வழக்கப்படி நிரல் நிரலாக அடுக்குகிறோம். மூன்றாம் நிரலில் ஐந்தாவதாக ஓர் எண்ணை எழுதினால் வால்கிரைண்டு உடனே பிடிக்கிறது: 8 பைட்டைத் தவறான இடத்தில் எழுதியது, ஒதுக்கிய 96 பைட்டுத் துண்டு முடிந்த அதே இடத்தில். முதல் நிரலில் ஐந்தாவதை எழுதினாலோ அது இரண்டாம் நிரலின் தலையில் போய் உட்காரும். துண்டுக்குள்ளேயே இருப்பதால் கருவி வாயே திறக்காது, விடை மட்டும் தப்பாக வரும். போன வாரம் ஒரு பையன் இதை மூன்று மணி நேரம் தேடினான். இரண்டும் ஒரே சொல்லா?
– கோவை ஆசிரியை

அப்படியானால் இரண்டு சொல். பாத்திக்குப் பாத்தி போவது வரப்பு தாண்டல், வயலை விட்டே போவது வேலி தாண்டல். 1987இல் புரூஸ் பெரன்ஸ் இந்தப் பிழையைப் பிடிக்க எழுதிய கருவியின் பெயரும் 'எலக்ட்ரிக் ஃபென்ஸ்', அதாவது மின்வேலிதான்.
– மதுரை

வேலி தாண்டல் என்று கரும்பலகையில் எழுதிப் பாருங்கள், வகுப்பே சிரிக்கும். தேடுபொறியில் போட்டால் ஆடு மேய்ப்பது பற்றித்தான் வரும். பையன் திரையில் பார்ப்பது ஆங்கிலப் பிழைச்செய்தி. அதையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் போடுங்கள்.
– சென்னை நிரலர்

எளிமை என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒலிபெயர்ப்போம், அப்புறம் தமிழ் எதற்கு?
– புலவர்

சரி, அனுப்பிவிட்டேன். துண்டுக்கு வெளியே போனால் வரம்பு மீறல். உள்ளே நடப்பதற்குச் சொல் கிடைக்காமல் 'பக்கத்து நிரலில் எழுதிவிடுதல்' என்று நீட்டி எழுதியிருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.
– கோவை ஆசிரியை

இரண்டாம் பதிப்பில் நிரை கவர்தல்!
– புலவர்

தாயம் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லையே?
– கிளிநொச்சி