மலரில் 'காலமானார்' என்று போடாதீர்கள்

பொருளாளர் அண்ணைக்கும் மற்ற எல்லோருக்கும் வணக்கம்.

வாசிகசாலை மலருக்கு ஆளுக்கு 50 பவுண்ட் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் ஊருக்குப் போன தங்கச்சி அச்சகத்தில் கிடந்த பிரதியைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். சரோஜினி யோகேஸ்வரனின் படத்துக்குக் கீழே, 'யாழ். மாநகரின் முதல் பெண் மேயர். 1998 இல் காலமானார்.' அவ்வளவுதான். அதைப் பார்த்த நேரம் தொடக்கம் எனக்கு மனம் ஆறவில்லை.

காலமாகிறது என்றால் பாயில் கிடந்து, பிள்ளைகள் வாயில் பால் விடப் போவது. அவரை அவருடைய வீட்டில் வைத்துச் சுட்டார்கள். மே 17, ஞாயிற்றுக்கிழமை. அம்மா கிணற்றடியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் விஷயத்தைச் சொன்னதும், கையில் செதிளோடு ஓடிப்போய்ப் படலையைக் கொளுவினார். மீன் கிணற்றடியிலேயே கிடந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைக்கவில்லை.

சனவரி 29 இல்தான் மாநகரசபைத் தேர்தல் நடந்தது. 15 வருடத்துக்குப் பிறகு வந்த தேர்தல். அப்பா வேண்டாம் என்று சொல்லியும் அம்மா போய் வாக்குப் போட்டுவிட்டு வந்தார். நாலு மாதம் ஆகவில்லை.

அந்த மனுசி பதவிக்காக வந்தவர் இல்லை. கணவர் யோகேஸ்வரன் 1977 இல் தமிழர் விடுதலைக் கூட்டணியின் யாழ்ப்பாணத் தொகுதி எம்பி. 1981 இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்களில் அவர்களுடைய வீட்டையும் எரித்தார்கள். 1989 யூலை 13 இல் கொழும்பில் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கத்தோடு கணவரையும் சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகும் அந்த மனுசி யாழ்ப்பாணத்தில் தேர்தலில் நின்றார். அவருக்குப் பிறகு வந்த மேயர் சிவபாலனும் அதே 1998 செப்டம்பர் 11 இல் மாநகரசபைக் கட்டடத்தில் வெடித்த குண்டில் போனார். அதற்கு முதல், 1975 இல் பொன்னாலைக் கோயிலடியில் மேயர் துரையப்பாவைச் சுட்டார்கள். மூன்று மேயர்மார். மூன்று பேருக்கும் 'காலமானார்' போடுவீர்களா?

பழசைக் கிளறினால் சங்கம் இரண்டாகும் என்று பாரிஸ் மச்சான் எழுதியிருக்கிறார். கோயில் கிணற்று விஷயத்தில் அண்ணன் தம்பி முகம் பார்க்காமல் போனபோது இந்தப் பயம் எங்கே போனது? யார் சுட்டது என்று மலரில் வழக்காடச் சொல்லவில்லை. சுடப்பட்டார் என்று போடுங்கள். அது நடந்த விஷயம்.

ரொறன்ரோ அண்ணை போன மலரின் மிச்சக் காசுக்குக் கணக்குக் கேட்டதும் நியாயம்தான். அந்த மலரில் நன்கொடையாளர்களுக்கு இரண்டு கலர்ப் பக்கம் இருந்தது. 1996 இல், இடம்பெயர்ந்து போயிருந்த சாவகச்சேரியிலிருந்து திரும்பி வந்த கையோடு தன் வீட்டுக் கூரை ஓடுகளைக் கழற்றி வாசிகசாலைக்குக் கொடுத்த அப்பாவின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அம்மா அந்தப் பக்கங்களை இரண்டு தரம் புரட்டிப் பார்த்தார். சரி, அதை இப்போது விடுகிறேன்.

'1998 மே 17 இல் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.' இந்த வரி போதும். அது ஏறிய பிரதியைத் தங்கச்சி கண்ணால் கண்ட அன்றைக்கே என் காசு வந்து சேரும்.