வகுப்பறையிலிருந்து சார்ட்டர் பள்ளித் தலைமைக்கு: அமெரிக்காவில் பணிபுரியும் உறுப்பினர்களின் அனுபவப் பகிர்வு

ஹூஸ்டன் உறுப்பினர்:

ஆறாம் வகுப்புக் கணித ஆசிரியையாகத் தொடங்கிய நான், இன்று இதே ஊரில் ஒரு சார்ட்டர் பள்ளியின் முதல்வராக இருக்கிறேன். அரசுப் பணத்தில், கட்டணம் வாங்காமல், ஆனால் மாவட்டக் கல்வி நிர்வாகத்தின் கீழ் வராமல், மாநிலத்துடன் செய்துகொண்ட தனி ஒப்பந்தத்தின் பேரில் நடப்பவை டெக்சஸின் பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகள். புதிய கிளைகள் திறந்துகொண்டே இருப்பதால், வகுப்பு ஒருங்கிணைப்பாளர், ஆசிரியர்களுக்கான பயிற்றுநர், துணை முதல்வர் என்ற படிகளை இங்கே விரைவாகவே ஏறிவிடலாம். 1994இல் ஹூஸ்டனில், பின்னர் பெரிய சார்ட்டர் பள்ளிக் குழுமமாக வளர்ந்த கிப் என்ற திட்டத்தைத் தொடங்கியவர்களே இருபதுகளில் இருந்த இரண்டு வகுப்பாசிரியர்கள்தாம்.

பயிற்றுநர் பணியில் முதலில் பழக வேண்டியிருந்தது, பேசாமல் உட்கார்ந்திருப்பது. ஒரு புதிய ஆசிரியரின் வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று ஒரு மாணவி பலகையில் எழுதினாள். ஆசிரியர் பதறிப்போய் அதை உடனே அழித்துவிட்டுச் சரியான விடையைத் தானே எழுதினார். எழுந்துபோய் மார்க்கரை வாங்கிக்கொள்ள என் கை துடித்தது. ஐந்தில் இரண்டு என்பது அரையைவிடக் குறைவு. கூட்டிய பிறகு தொகை குறையுமா என்று அந்த மாணவியிடமே கேட்டிருந்தால், வகுப்பு முழுவதும் பொதுப் பகுதியின் தேவையைத் தானாகக் கண்டுபிடித்திருக்கும். பாடம் முடிந்த பிறகு, குரல், நேரம், பின்வரிசையில் நடந்த பேச்சு என்று குறித்து வைத்திருந்த எல்லாவற்றையும் மடித்து வைத்துவிட்டு, "அடுத்த முறை தவறான விடையைச் சற்று நேரம் பலகையில் விட்டுவையுங்கள்" என்ற ஒன்றை மட்டும் சொன்னேன். ஒரே மூச்சில் பத்துக் குறைகளைக் கேட்கும் ஆசிரியர் எதையும் மாற்றிக்கொள்வதில்லை என்பது என் கருத்து.

முதல்வர் நாற்காலியில் அமர்ந்த பிறகுதான் பணத்தின் கணக்கு கண்ணுக்குத் தெரிந்தது. டெக்சஸ் மாநிலம் பெயர்ப்பட்டியலில் உள்ள எண்ணிக்கைக்கு நிதி தருவதில்லை. சராசரி அன்றாட வருகைக்குத்தான் தருகிறது. 2019 முதல் 2025 வரை ஒரு மாணவருக்கான அடிப்படைத் தொகை 6,160 டாலர். உள்ளூர்ச் சொத்து வரியில் சார்ட்டர் பள்ளிக்குப் பங்கு கிடையாது. வருகையைப் பதிவதற்கென்று குறித்த நேரத்தில் வகுப்பில் இல்லாத பிள்ளை, பத்து நிமிடம் கழித்து மூச்சிரைக்க ஓடி வந்தாலும், நிதியைப் பொறுத்தவரை அன்று வராத பிள்ளைதான். ஆசிரியையாக இருந்தபோது காலியாக இருக்கும் நாற்காலி எனக்கு ஒரு மாணவரைப் பற்றிய கவலை. இப்போது அது நூலகரின் சம்பளமும்கூட. இப்படி எண்ணுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எண்ணாமல் இருக்கவும் முடியவில்லை.

இருந்தாலும் அந்த நாற்காலியை நிரப்பும் வழி வகுப்பறைப் பழக்கத்திலிருந்துதான் கிடைத்தது. ஒரு சிறுவன் தொடர்ந்து தாமதமாக வந்தான். எச்சரிக்கைக் கடிதம் அனுப்பலாம் என்றது அலுவலகம். நான் அவனருகில் அமர்ந்து விசாரித்தபோது, வேறு பள்ளியில் படிக்கும் தங்கையைப் பேருந்தில் ஏற்றிவிட்ட பிறகே தான் கிளம்புவதாகச் சொன்னான். தாய்க்கு மருத்துவமனையில் விடியற்கால வேலை. பக்கத்து வீட்டுப் பெற்றோர் ஒருவர் பொறுப்பேற்றுக்கொண்டதில் அந்த ஆண்டு சமாளிக்க முடிந்தது. இடங்களைவிட விண்ணப்பங்கள் மிகும்போது நடக்கும் சேர்க்கைக் குலுக்கலில் உடன்பிறந்தோருக்கு முன்னுரிமை உண்டு என்பதைத் தாய் அறிந்திருக்கவில்லை. மறு ஆண்டு தங்கையும் எங்கள் பள்ளிக்கே வந்துவிட்டாள்.

இந்த வழியில் வர நினைப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். 2013ஆம் ஆண்டின் மாநிலச் சட்டப்படி, தொடர்ந்து மூன்று ஆண்டுகள் தேர்ச்சி மதிப்பீட்டிலோ நிதி மதிப்பீட்டிலோ தவறினால் ஒப்பந்தம் ரத்தாகும். மாவட்டப் பள்ளி முதல்வருக்கு வேலை போகலாம்; இங்கே பள்ளியே போய்விடும்.

நியூயார்க் உறுப்பினர்:

அக்கா எழுதியவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நகரக் கல்வித் துறைப் பள்ளியில் நான்காண்டுத் தகுதிகாண் காலத்தை முடித்துப் பணிப் பாதுகாப்புப் பெற்றிருந்த நான், துணை முதல்வர் பொறுப்புக்காகச் சார்ட்டர் பள்ளிக்கு மாறியபோது அந்தப் பாதுகாப்பை விட்டுவிட்டு வந்தேன். பெரும்பாலான சார்ட்டர் பள்ளிகளில் சங்கமும் இல்லை. 1988இல் சார்ட்டர் பள்ளி என்ற யோசனையை நாடறியச் செய்த ஆல்பர்ட் ஷங்கர், அமெரிக்க ஆசிரியர் சம்மேளனம் என்ற தொழிற்சங்கத்தின் அன்றைய தலைவர் என்பதை நினைத்தால் வேடிக்கையாக இருக்கிறது. பிற்பாடு அவரே இதைக் கடுமையாக விமரிசித்தார்.

எங்கள் பள்ளி, மாவட்டப் பள்ளி ஒன்று இயங்கும் கட்டடத்தின் மேல்தளத்தில் இருக்கிறது. உணவுக்கூடமும் உடற்பயிற்சிக்கூடமும் பொது என்பதால், யார் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பதே இரு முதல்வர்களுக்கிடையே பெரும் பேச்சுவார்த்தையாகிவிடும். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் என் பழைய சங்கத் தோழர்கள். படிக்கட்டில் எதிர்ப்படும்போது சிலர் வணக்கம் சொல்கிறார்கள், சிலர் சொல்வதில்லை. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அவர்கள் இழந்த வகுப்பறைகளில்தான் நாங்கள் பாடம் நடத்துகிறோம்.

மினசோட்டா உறுப்பினர்:

முதல்வராகித்தான் ஆக வேண்டுமா என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். நாட்டின் முதல் சார்ட்டர் சட்டம் 1991இல் எங்கள் மாநிலத்தில்தான் நிறைவேறியது. பள்ளியின் நிர்வாகக் குழுவில் ஆசிரியர்களே பெரும்பான்மையாக இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் தொடக்கத்தில் கோரியது. அதன் விளைவாக, 1994இல் இங்கே தொடங்கிய ஒரு பள்ளி, முதல்வர் என்ற பதவியே இல்லாமல், ஆசிரியர் கூட்டுறவு ஒன்றின் பொறுப்பில் நடந்தது. நான் பணிபுரியும் பள்ளியும் அதே முறையில் நடப்பதுதான். வரவுசெலவுத் திட்டம், ஆள் சேர்ப்பு, சக ஆசிரியரின் பணி மதிப்பீடு எல்லாம் எங்கள் கையில். கூட்டங்கள் நீளும், சில மாலைகளில் நகலெடுக்கும் இயந்திரத்தின் குத்தகையைப் பற்றியே இரவாகும்வரை வாதாடுவோம். ஆனாலும் மறுநாள் காலையில் எனக்கு ஏழாம் வகுப்பு அறிவியல் பாடம் இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.